கடனினும் கொடியது மறைத்த கடன்

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே சமயம் பற்றியோ தமிழ் பற்றியோ பேசுவதே நமது வழக்கம். இம்முறை குடும்பக் கடனைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தபோது, அது இம்மண்டபத்துக்குப் பொருத்தமான விடயமா என்று நாம் சற்றே தயங்கினோம். பின்னர் ஆற அமர இருந்து யோசித்தபோது, இதைப் பேசுதற்கு இதனிலும் தக்க இடம் வேறில்லை என்று தோன்றியது. மாலையிலே கோயிலில் தேவாரம் பாடிவிட்டு வீடு திரும்பும் ஒருவர், படலையடியிலே தவணைப் பணம் அறவிட வந்தவரின் மோட்டார் சைக்கிள் நிற்பதைக் கண்டு, பின்வளவு வேலியால் நுழைந்து அடுப்படிக்குள்ளே ஒளிந்துகொள்கிறார் என்றால், சற்று முன் பாடிய தேவாரம் அவருக்கு என்ன ஆறுதலைத் தரும்? மனம் ஓரிடத்தில் நில்லாதவனுக்கு வழிபாடும் நில்லாது.

தமிழிலே 'கடன்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று கடமை, மற்றொன்று பிறரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். தேவர்க்கும் முனிவர்க்கும் பிதிரர்க்கும் பட்ட மூன்று கடன்களோடு மனிதன் பிறக்கிறான் என்று நமது நூல்கள் கூறும். இக்கடன்களை எவரும் ஒளிப்பதில்லை. ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சென்று, பலர் காணப் பிதிர்க்கடன் தீர்த்து வருகிறோம். ஆனால் பணக்கடனை மட்டும் ஒளித்து வைக்கிறோம். கணவன் தான் பட்டதை மனைவிக்குச் சொல்வதில்லை. மனைவி தான் பட்டதைக் கணவனுக்குச் சொல்வதில்லை. பெற்றோர் இருவரும் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. கடன் கொடியதுதான். ஆயினும் கடனினும் கொடியது மறைத்த கடன். இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றையே.

முற்காலத்திலே நம்மவர் கடன்படாதிருந்தனர் என்று எண்ண வேண்டாம். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுப்பித்தபோது, ஒற்றி பற்றிய விதிகளும் அதிலே இடம்பெற்றன. ஒற்றியாவது யாது? காணியைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வட்டிக்குப் பதிலாக அக்காணியின் விளைவை அவர் எடுத்துக்கொள்வார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணி மீளும். இதிலே ஒரு நன்மை இருந்தது. ஒருவருடைய வயலிலே வேறொருவர் ஏர் பூட்டினால், அங்கே கடன் உண்டென்பதை ஊரே அறிந்துவிடும். வீட்டாரும் அறிவர், மேலும் கடன் கொடுக்க எண்ணுபவரும் அறிவார். அது அவமானந்தான். ஆயினும் அந்த அவமானமே மேன்மேலும் கடன்படாது தடுக்கும் வேலியாகவும் நின்றது. இன்றைய கடனுக்கு வயல் வேண்டியதில்லை. அடையாள அட்டையின் பிரதி ஒன்று, அயலவர் இருவரின் கைச்சாத்து, அவையுமில்லையேல் கைபேசியிலே ஒரு விரல் அழுத்தம் போதும். வேலி போய்விட்டது, வயலும் தெரியவில்லை, கடன் மட்டும் வளர்கிறது.

நம்மவரின் சேமிப்பு நெடுங்காலமாக நகையிலேயே இருந்து வந்தது. இதனைப் பெண்களின் ஆசையென்று பழிப்பாருமுளர். அவர்கள் நாம் நடந்து வந்த பாதையை மறந்தவர்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே இடம்பெயர்ந்தபோது, வீட்டையும் தோட்டத்தையும் மாட்டையும் விட்டு, காணி உறுதியையும் நகையையுமே கையோடு கொண்டு சென்றனர். அந்நாளிலே பல பிள்ளைகளுக்குச் சோறு போட்டது தாயின் காப்புந்தான். ஆகவே நகை வீண் பொருளன்று; அது நமது மக்களின் ஆபத்துக் காப்பு. ஆனால் அந்தக் காப்பை என்ன காரணத்துக்காகக் கழற்றுகிறோம் என்பதே கேள்வி. இதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

நகைக்கு அடுத்தபடி நம்மவர் நம்பியது கூட்டுறவை. இலங்கையிலே 1911ஆம் ஆண்டு ஐக்கிய நாணய சங்கங்களுக்கான கட்டளைச்சட்டம் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டிலே செருமனி நாட்டுக் குடியானவர்கள் வட்டிக்காரரிடமிருந்து மீளும் பொருட்டு ரைபைசன் என்பவர் வகுத்த முறையைத் தழுவியே இச்சங்கங்கள் கிராமங்களிலே தோன்றின. 'கடன் சங்கம்' என்னாது 'நாணய சங்கம்' என்று அவற்றைத் தமிழிலே அழைத்தனர். நாணயம் என்றால் காசு; நாணயம் என்றால் சொன்ன சொல் தவறாமை. இரண்டும் ஒரே சொல்லாய் அமைந்தது நமது மொழியின் சிறப்பு. அக்காலத்துச் சங்கங்களிலே பொறுப்பு எல்லையற்றதாயிருந்தது. ஓர் அங்கத்தவர் கடனைத் தவறவிட்டால் அனைவரும் பொறுப்பாளிகள். ஆதலால் 'எதற்குக் கடன்? எவ்வளவு? எந்த விளைவிலிருந்து திருப்பித் தருவாய்?' என்று கூட்டத்திலே கேட்டே கொடுத்தனர். கேட்பவர் தம் நிலையைப் பத்துப் பேர் முன்னிலையில் சொல்லியாக வேண்டும். மறைப்பதற்கு அங்கே இடமில்லை.

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நிதிக் கம்பனிகள் பல வந்தன. அவையும் ஐந்து பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கியே கடன் கொடுத்தன. பார்வைக்கு நாணய சங்கம் போலவே இருந்தது. ஆனால் இரு பெரும் வேறுபாடுகள் இருந்தன. நாணய சங்கத்திலே சேமிப்பு முன்னே, கடன் பின்னே; இங்கே கடனே முன்னே வந்தது. நாணய சங்கத்திலே வட்டி ஊருக்குள்ளேயே நின்று மற்றொருவருக்குக் கடனாயிற்று. இங்கே வட்டி ஊரைவிட்டு வெளியேறியது. போதாததற்கு, வெங்காயமும் புகையிலையும் பயிரிடுபவருக்கு வருமானம் போகத்துக்கு ஒருமுறை. தவணையோ வாரத்துக்கு ஒருமுறை. நாளாந்தம் காசு புரளும் கடைக்காரருக்கு ஏற்ற தவணையைக் கமக்காரப் பெண்ணின் தலையில் ஏற்றினால் என்னாகும்? ஒரு கம்பனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியிடம் வாங்கினார். அதைக் கட்ட மூன்றாவது இடத்தில் வாங்கினார். நிலைமை முற்றியதால், 2018ஆம் ஆண்டு வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே, பெண்கள் பெற்று, கட்ட முடியாது நிலுவையாய் நின்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய முன்வந்தது. மத்திய வங்கியும் அதே ஆண்டில், தன்னிடம் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீதமே உச்ச வட்டி என்று வரம்பிட்டது. அதற்கு முன்னரே சில வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது. கடனுக்கு அஞ்சி உயிரை விட்ட தாய்மாரைப் பற்றிப் பத்திரிகைகளிலே படித்தோம். கடன் எத்துணைப் பெரிதாயினும் ஓர் உயிருக்கு ஈடாகாது. சொல்வதற்கு ஒருவர் கிடைத்திருந்தால் அவர்களுட் சிலரேனும் இன்று நம்மோடு இருந்திருப்பர்.

இனி, கடனின் உண்மையான விலையை அறிவது எங்ஙனம் என்று பார்ப்போம். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது, சிவபெருமான் அப்பர் சுவாமிகளுக்கும் சம்பந்தப் பிள்ளையாருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளினார் என்பது நீங்கள் அறிந்த வரலாறு. பிள்ளையாரின் மடத்திலே மட்டும் அடியார்க்கு அமுது படைக்கக் காலந்தாழ்ந்தது. காரணம் வினாவியபோது, அவருடைய காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்கிறார்கள் என்று தெரியவந்தது. அஃதாவது காசு ஒன்றாயினும் சந்தையிலே அதன் பெறுமதி குறைந்திருந்தது. இறைவன் தந்த காசென்று பிள்ளையார் வாளாவிருக்கவில்லை. வாசி தீரும்படி பதிகம் பாடி நற்காசு பெற்றார். தெய்வம் தந்த காசுக்கே வாசி உண்டா என்று விசாரிக்க வேண்டுமாயின், நிதிக் கம்பனி தரும் காசுக்கு விசாரிக்காதிருக்கலாமா?

ஓர் இலட்சம் ரூபா கடன். வருடம் 24 வீத வட்டி. 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 24,000 ரூபாவையும் முதலோடு கூட்டி 12ஆல் வகுத்து, மாதம் 10,333 ரூபா கட்டச் சொல்வார்கள். கேட்பதற்கு நூற்றுக்கு இருபத்துநான்குதான். ஆனால் அந்த ஓர் இலட்சம் ரூபா வருடம் முழுவதும் உங்கள் கையில் இருந்ததா? இல்லை. மாதந்தோறும் முதலிலே ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள். சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய 54,000 ரூபாவே உங்கள் கையில் இருந்தது. அதற்கு 24,000 ரூபா வட்டி என்றால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலாகிறது. இதுவே இக்காலத்து வாசி. எனவே கைச்சாத்திடுமுன், 'இது முழுத்தொகைக்கு வட்டியா, குறைந்துவரும் நிலுவைக்கு வட்டியா?' என்று கேளுங்கள். காப்புறுதி, பத்திரச் செலவு என்று முன்கூட்டியே கழிக்கும் தொகையையும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கொடுப்பவர் விடை சொல்லத் தயங்கினால் அதுவே விடை.

ஊருக்குள்ளே நடக்கும் வட்டி இதனிலும் கடியது. நாம் அறிந்த ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் ஒரு கடையிலே வேலை பார்ப்பவர், நல்லவர், குடியறியாதவர். சகோதரியின் வைத்தியச் செலவுக்கென்று 50,000 ரூபாவை மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கினார். மனைவி வருந்துவாளே என்று சொல்லவில்லை. மாதம் 5,000 ரூபாவாகப் பதினான்கு மாதம் வட்டி மட்டும் கட்டினார். 70,000 ரூபா போயிற்று. முதல் 50,000 ரூபா அப்படியே நின்றது. பதினைந்தாம் மாதம் கட்ட முடியவில்லை. கடன்காரர் படலையிலே வந்து நின்று சத்தமிட்டார். அன்றுதான் மனைவிக்குத் தெரிந்தது. அந்த அம்மையார் கோபிக்கவில்லை. "இதை அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமே. காப்பு அலுமாரிக்குள்ளை சும்மாதானே கிடந்தது" என்றார்.

அவ்வார்த்தையிலே எத்துணை உண்மை இருக்கிறது என்பதைக் கணக்கால் காட்டுவோம். அந்தக் காப்பை, பகுதி பகுதியாகப் பணம் கட்ட இடமளிக்கும் ஒரு வங்கியிலே, வருடம் 18 வீத வட்டிக்கு அடைவு வைத்து 50,000 ரூபா எடுத்து, வட்டிக்காரரின் கடனை முதல் மாதமே தீர்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மாதம் 18 வீதத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது முதல் மாத வட்டி 750 ரூபா மட்டுமே. அதே 5,000 ரூபாவை மாதந்தோறும் வங்கிக்குக் கட்டியிருந்தால் 11 மாதத்திலே முதலும் வட்டியும் தீர்ந்து காப்பு வீடு வந்து சேர்ந்திருக்கும். மொத்த வட்டி ஏறக்குறைய 4,600 ரூபா. மறைத்ததனால் கொடுத்த விலையோ 70,000 ரூபா. அதுவும் கடன் தீராமலே. அவரிடம் மருந்து வீட்டிலேயே இருந்தது. நோயை மறைத்தபடியால் மருந்தைக் கேட்க முடியவில்லை. நகையைக் கழற்றுவதற்குத் தக்க காரணம் இதுதான்: கொடிய வட்டியைக் கொன்று, மீட்கும் நாளையும் குறித்துக்கொள்வது. சாமத்தியச் சடங்குக்குப் பந்தல் போட அடைவு வைத்த நகை, பெரும்பாலும் ஏலத்துக்கே போகிறது.

சரி, கடன் ஏற்கெனவே பலவாகிவிட்டது, என் செய்வது? முதலாவது வேலை, ஒரு கொப்பி வாங்குவது. கணவனும் மனைவியும், உழைக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களும், ஒன்றாக அமர்ந்து எல்லாக் கடனையும் எழுதவேண்டும். யாருக்கு, எவ்வளவு நிலுவை, என்ன வட்டி, எந்த நாள் தவணை, யார் பிணை, எந்தப் பொருள் அடைவில் என்று ஒன்றும் விடாது எழுதவேண்டும். கடைக் கொப்பியில் உள்ள கடனும், மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றும், முச்சக்கர வண்டியின் லீசிங்கும், கடனட்டையும், வெளிநாடு போகவென்று முகவருக்குக் கட்டக் கடன்பட்ட பணமும் அதிலே வரவேண்டும். வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ பட்ட கடன் நினைவில்லாதிருந்தால், 1990ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த கடன் தகவல் பணியகத்திலே ஒருவர் தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே பெறலாம். மனைவிக்கு மறைத்த கடன் அப்பணியகத்துக்கு மறைவாயில்லை என்பதையும் நினைவிற் கொள்க. எழுதும் அன்றிரவு கண்ணீர் வரலாம், கடுஞ்சொல்லும் வரலாம். ஆயினும் அன்றிரவே பலர் நெடுநாளைக்குப் பின் நித்திரை கொள்வர்.

இரண்டாவது, வரிசை. அரிசி, மருந்து, பிள்ளைகளின் படிப்பு, மின்சாரம் ஆகியவற்றுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்குக. எல்லாக் கடனுக்கும் கட்டவேண்டிய குறைந்த தவணையைக் கட்டுக. எஞ்சும் காசு ஐந்நூறு ரூபாவானாலும் அதனை எல்லாக் கடனுக்கும் பங்கிடாது, வட்டி மிகக் கூடிய ஒரு கடனுக்கே மேலதிகமாகக் கட்டுக. அது தீர்ந்ததும், அதற்குக் கட்டிவந்த முழுத் தவணையையும் வீட்டுச் செலவோடு கலக்கவிடாது அடுத்த கடனுக்குத் திருப்புக. இங்ஙனம் செய்தால் பின்னே வரும் கடன் முன்னையதினும் விரைவாகத் தீரும். வட்டியில்லாக் கைமாற்றுத் தந்த உறவினரைக் கடைசியாக வைக்கலாம். ஆனால் அவரைக் கண்டு தெருமாறிப் போகக்கூடாது. நேரே சென்று, 'அண்ணை, இந்த ஒழுங்கிலே கட்டுகிறேன். உங்கள் முறை இன்ன மாதம்' என்று சொல்லவேண்டும். காசு பிந்தலாம், சொல் பிந்தக்கூடாது. அதுவே நாணயம்.

மூன்றாவது, கட்ட முடியாதென்று தெரிந்தால் தவணை தவறுமுன்னரே கடன் கொடுத்தவரிடம் போவது. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்பிரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஏப்பிரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை இடைநிறுத்துவதாக நாடே அறிவித்தது. செப்ரெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. கடன் வாங்கிச் செலவு செய்த அரசையும், அதனால் வரிசையிலே நின்ற மக்களையும் எண்ணினால் இன்றும் நெஞ்சு கசக்கிறது. ஆயினும் ஒரு பாடம் உண்டு. முடியாதென்று வெளிப்படச் சொன்ன பின்னரே பேச்சுவார்த்தை தொடங்கியது. 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டம் வந்தது. 2024 யூனிலே கடன் கொடுத்த நாடுகளோடும், டிசெம்பரிலே முறிகள் வைத்திருந்தோரோடும் தவணைகள் மாற்றியமைக்கப்பட்டன. ஒரு நாடு உலகறியச் சொல்லத் துணிந்ததை, ஒரு குடும்பம் வங்கி முகாமையாளரின் மேசையடியிலே சொல்ல நாணுவானேன்? முன்னரே சென்று எழுத்திலே கேட்பவருக்குத் தவணையை நீட்டிக் கொடுப்பதுண்டு. ஓடி ஒளிபவருக்குத் தண்டவட்டியும் வழக்குமே மிச்சம்.

கடன் தீர்ந்தால் மட்டும் போதாது. மீண்டும் வராதபடி வீட்டைக் காக்கவேண்டும். வருவாய் சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாதிருப்பின் கேடில்லை என்பது திருவள்ளுவர் கருத்து. அதனை அவர் அரசனுக்குரிய வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வைத்தார். தன் வலிமையை அளந்தறிந்தவனே போருக்குப் போகலாம். தன் வரவை அளந்தறிந்தவனே வீட்டை நடத்தலாம் என்பது அதனால் நாம் கொள்ளும் பொருள். கடன் கட்டிக்கொண்டிருக்கும் காலத்திலேயே சிறிது சேமிக்கத் தொடங்குக. முதலில் ஒரு காய்ச்சலுக்கு, பின்னர் ஒரு மாதச் செலவுக்கு, பின்னர் மூன்று மாதச் செலவுக்கு. இச்சிறு கையிருப்பு இல்லாமையாலேயே ஒரு காய்ச்சல் நூற்றுக்குப் பத்து வட்டியாக மாறுகிறது.

உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள் ஊழியர் சேமலாப நிதியைக் கவனிக்கவேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி, சம்பளத்திலே ஊழியர் 8 வீதமும் தொழில் கொடுப்பவர் 12 வீதமும் செலுத்தவேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் கொடுப்பவர் மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலருக்குத் தம் பெயரில் இவை செலுத்தப்படுகின்றனவா என்பதே தெரியாது. கேட்டறிக. அது சலுகையன்று; உரிமை. வைப்பிடும் பணத்துக்கும் காவல் உண்டா என்று பாருங்கள். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ இட்ட வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. இத்தொகை 2021இல் உயர்த்தப்பட்டது. கூட்டுறவுச் சங்க வைப்புக்கு அக்காப்புறுதி இல்லை. ஆகையால் அங்கே காவல் அங்கத்தவரின் கண்தான். பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்காய்வு அறிக்கையைக் கேட்டு வாசியுங்கள். சீட்டுக் கட்டுபவர்கள், சீட்டுப் பிடிப்பவர் ஓடினால் தாங்கக்கூடிய தொகைக்கே கட்டுங்கள். ஆள் சேர்த்தால் பணம் பெருகும் என்று சொல்லும் பிரமிட்டுத் திட்டங்கள் இந்நாட்டில் சட்டவிரோதமானவை. அவற்றைப் படலைக்குள்ளே விடாதீர்கள். வெற்றுத்தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கைச்சாத்து இடாதீர்கள். பிணை நிற்கக் கேட்டால், அக்கடனை நானே கட்டத் தயாரா என்று கேட்டுப் பின்னரே கையைத் தூக்குங்கள்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். நம் வீட்டுக் கடன்களுட் பெரும்பகுதி வயிற்றுக்காக வந்ததன்று; ஊரார் வாய்க்காக வந்தது. திருமணம், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி, ஆண்டுத்திவசம் ஆகிய எல்லாவற்றுக்கும் சமயம் கேட்பது சிறிதே. தர்ப்பையும் எள்ளும் தண்ணீரும் கேட்கும் கிரியைக்கு நாம் மண்டபமும் வீடியோவும் நானூறு பேர் சாப்பாடும் சேர்த்துவிட்டோம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பிய பணத்தால் நடந்த விழாவைப் பார்த்து, இங்கே கூலிக்கு உழைப்பவர் கடன்பட்டு அதேபோல நடத்துகிறார். வசதியுள்ளோர் தங்கள் வீட்டு விழாவை எளிமையாக நடத்திக் காட்டினால், வசதியற்றோர் பத்துப் பேர் கடனின்றித் தப்புவர். இதுவும் ஓர் அன்னதானமே.

நிறைவாக, நமது சங்கத்துக்கு மூன்று யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம். ஒன்று: வரவு செலவும் கடனும் எழுதுவதற்கான ஒரு கொப்பியைத் தைப்பொங்கலுக்கு முன் ஒவ்வோர் அங்கத்தவர் வீட்டுக்கும் கொடுப்போம். இரண்டு: கணக்கியல் படித்த நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இம்மண்டபத்திலே இருந்து, கடன் பத்திரத்தோடு வருவோருக்கு அதன் உண்மை வட்டியைக் கணக்கிட்டுக் காட்டட்டும். கேட்ட செய்தியை வெளியிலே பேசுவதில்லை என்பதை அவர்கள் விரதமாகக் கொள்ளவேண்டும். அன்றேல் ஒருவரும் வாரார். மூன்று: அங்கத்தவர் சிறுகச் சிறுகச் சேமித்து, மருத்துவத்துக்கும் படிப்புக்கும் மட்டும் தமக்குள்ளே கடன் பெறும் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் ஒன்றைச் சட்டப்படி பதிவுசெய்து தொடங்குவோம். நம் பாட்டன்மார் செய்ததை நாம் செய்ய முடியாதா?

இன்று இக்கூட்டம் முடிந்து வீடு செல்லும் உங்களுள் எவரேனும் ஒருவரது நெஞ்சிலே சொல்லாத கடன் ஒன்று இருக்கலாம். அவர் யார் என்று எமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அவரிடம் ஒன்றே கேட்கிறோம். இன்றிரவு சாப்பாடு முடிந்து பிள்ளைகள் உறங்கிய பின், விளக்கை அணைக்குமுன், வீட்டிலுள்ளவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். வட்டி இரவிலும் உறங்குவதில்லை.

எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.